எழுதியவரும் அந்த ஸ்டூலில் உட்காரட்டும்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, நானும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து ஜார்ஜ்டவுனில் ஒரு முகப்படக் கண்காட்சி வைக்கலாம் என்றிருக்கிறோம். 12 பேரின் படங்கள். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு முகத்துக்கும் கீழே முதலில் மனத்தில் தோன்றியதை எழுத வேண்டும். கடைசியில் அவர் உண்மையில் யார் என்று திறந்து காட்டுவோம். இது ஆட்களின் மனச்சாய்வை மாற்றுமா? எப்படிச் செய்தால் நன்றாக வரும்?"

செய்யுங்கள் தம்பி, நல்ல யோசனை. ஆனால் கடைசியில் திறந்து காட்டும் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். எல்லாருக்கும் பிடிக்கிற பகுதி அது, எனக்கும் பிடித்திருந்தது. அதனால் காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் லெபோ பசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இதே மாதிரி ஒன்று செய்தேன். 14 பேர், எல்லாரும் பினாங்குத் தமிழர்கள். பூக்கட்டும் அம்மா, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண், ஒரு தாதி, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர், வழக்கறிஞர், நாசி கண்டார் கடையில் கறி ஊற்றும் பாய், கல்லூரி விரிவுரையாளர், லோரி ஓட்டும் அண்ணன் என்று கலந்து பிடித்தேன். எல்லாருக்கும் ஒரே சாம்பல் துணி, ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே மர ஸ்டூல். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு பெட்டி, பென்சில், வெற்று அட்டைகள். எழுதிப் போட்டுவிட்டு மூடியைத் தூக்கினால் அவர் யார் என்பது உள்பக்கம் எழுதியிருக்கும்.

விரிவுரையாளரின் கன்னத்தில் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. அவருக்கு வந்த அட்டைகளில் 'கேங்', 'அடிதடி', 'ராத்திரியில் பார்த்தால் பயம்' என்றெல்லாம் இருந்தது. மூடியைத் தூக்கி 'வேதியியல் விரிவுரையாளர்' என்று படித்ததும் 'அடடா' என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அந்த 'அடடா'வைக் கேட்கக் கேட்க எனக்குப் பூரிப்பாக இருந்தது. நினைத்தது நடக்கிறது என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் லோரி ஓட்டும் அண்ணன் மனைவியோடு வந்தார். அவர் படத்துக்குக் கீழே பாதிப் பேர் 'லோரி டிரைவர்' என்றே எழுதியிருந்தார்கள். மூடியைத் தூக்கிப் பார்த்து, 'சொன்னேன்ல' என்று சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். அவர் ஓரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது என்னிடம் கேட்டார்: "நான் லோரி ஓட்டுறது சரிதாம்மா. கண்டுபுடிச்சிட்டாங்க. ஆனா அதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு அட்டைகளையெல்லாம் வீட்டுத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரிவுரையாளருக்கு மரியாதை திரும்பக் கிடைத்தது அவர் விரிவுரையாளர் என்பதால். தழும்புள்ள அதே ஆள் சௌராஸ்தா சந்தையில் மீன் மூட்டை தூக்குகிறவராக இருந்திருந்தால் 'அடிதடி' என்று எழுதியது சரியென்றே ஆகியிருக்கும், யாரும் நாக்கைக் கடித்திருக்க மாட்டார்கள். அப்படியென்றால் நான் கேள்விக்கு உள்ளாக்கியது ஊகம் பலித்ததா இல்லையா என்பதை மட்டும்தான். பெரிய வேலை, சின்ன வேலை என்ற ஏணியில் நான் கை வைக்கவே இல்லை. ஒருவரை அதில் நாலு படி மேலே ஏற்றிக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். தப்பான ஊகம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது தம்பி. சாய்வு வசதியாக உட்கார்ந்திருப்பது சரியான ஊகத்துக்குள்ளே. அங்கே யாரும் அதைத் தேடுவதில்லை.

சரி, இந்த ஊகம் எங்கிருந்து வருகிறது? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் என்ற இருவர் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவரை நம்பலாமா, இவர் திறமைசாலியா என்று கேட்டார்கள். அந்த நேரத்துக்குள்ளேயே ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்கள். நேரத்தைக் கூட்டிக் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, அந்த முடிவின்மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கைதான் கூடியது. அந்த வரியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'நிதானமாகப் பாருங்கள்' என்று சுவரில் எழுதிவைத்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. நிதானமாகப் பார்க்கிறவர் முதலில் நினைத்ததற்கே சாட்சி தேடிக்கொண்டிருக்கலாம்.

நம்மிடம் இதற்கென்று சொற்களே இருக்கின்றன. திருட்டு முழி, களையான முகம், முகராசி, ஆளைப் பார்த்தாலே தெரியுது. பெண் பார்க்கப் போகும்போது சாமுத்திரிகா லட்சணம் பேசுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். 'வெளுத்ததெல்லாம் பாலல்ல' என்றும் அதே வாயால் சொன்னார்கள். இரண்டாவதை எப்போது எடுக்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? ஏமாந்த பிறகுதான்.

அடுத்து உங்கள் கேமரா. இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் படம் பிடிக்கிறவர்கள் தங்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

என் அப்பா படக்கடை வைத்திருந்தவர். ஐசி (அடையாள அட்டை) படம், கல்யாணப் படம், காது குத்துப் படம். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது 'கொஞ்சம் சிவப்பா வர்ற மாதிரி'. அப்பா முகத்தில் பவுடர் போடச் சொல்லுவார், விளக்கைக் கிட்டே இழுப்பார், பிறகு நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் கன்னத்தையும் கண்ணுக்குக் கீழேயும் தொட்டுத் தொட்டு வெளுக்க வைப்பார். அவர் யாரையும் இழிவாக நினைத்துச் செய்யவில்லை. ஊர் எதை அழகு என்று தீர்ப்புச் சொல்லியிருந்ததோ அதைப் படத்துக்குள் கொண்டுவந்தார். படம் கடையை விட்டு வெளியே போகும் முன்பே அந்த முகத்தின்மேல் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

2015-ல் கேனன் நிறுவனம் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தது. ஆறு புகைப்படக்காரர்கள், படம் எடுக்க வேண்டிய ஆள் ஒருவர். ஆறு பேரிடமும் அவரைப் பற்றி ஆறு கதைகள் சொன்னார்கள்: சொந்த உழைப்பில் கோடீஸ்வரர் ஆனவர், ஓர் உயிரைக் காப்பாற்றியவர், சிறையிலிருந்து வந்தவர், மீனவர், குறி சொல்கிறவர், குடியை விட்டவர். உண்மையில் அவர் ஒரு நடிகர். ஆறு படங்களும் ஆறு வெவ்வேறு மனிதர்களைப் போல வந்தன. கதை காதில் விழுந்ததும் வெளிச்சமும் கோணமும் உட்கார வைக்கும் விதமும் தானாகவே மாறிவிட்டன. பார்வையாளர் பென்சிலை எடுப்பதற்கு முன்பே நாம் எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கிறீர்கள் என்பது. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் அதே ஆட்களை 45 சென்டிமீட்டரிலிருந்தும் 135 சென்டிமீட்டரிலிருந்தும் எடுத்து, முகம் ஒரே அளவில் தெரியும்படி வைத்துக் காட்டினார்கள். கிட்டே வைத்து எடுத்த படத்தில் இருந்தவர்களை நம்பத்தகாதவர்கள், திறமை குறைந்தவர்கள் என்று பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். மூக்கு கொஞ்சம் பெரிதாகி, காது பின்னால் போய்விடுவதுதான் வித்தியாசம். ஆகவே 12 பேரையும் ஒரே தூரத்தில் எடுங்கள், தரையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியை முகத்துக்கு முன்னால் நீட்டி எடுத்த படம் ஒன்றும் ஸ்டூடியோ படம் ஒன்றும் கலந்து தொங்கினால் உங்கள் கண்காட்சி வேறு எதையோ அளந்துகொண்டிருக்கும். கறுத்த முகத்துக்கு வெள்ளைத் துணி வேண்டாம். கேமராவைத் தானியங்கியில் விட்டால் துணியின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி அளந்து முகத்தை இருட்டாக்கிவிடும், கண் தெரியாது. கண் தெரியாத முகத்துக்கு என்ன சொல் எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

முகத்தில் முத்திரை குத்துவது நம் ஊருக்குப் புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்தியாவிலிருந்து கைதிகளைப் பினாங்குக்கு நாடுகடத்திக்கொண்டு வந்தது. இந்தத் தீவில் அவர்களைக் கட்டாய வேலை வாங்கினார்கள். அவர்களில் பலருடைய நெற்றியில் செய்த குற்றம் பச்சை குத்தப்பட்டிருந்தது, ஒருவருக்குப் பெயரே அதுதான் என்பது போல. 'கோத்னா' என்று அதற்குப் பெயர். சிலர் தலைப்பாகையைக் கீழே இறக்கிக் கட்டி அதை மறைத்துக்கொள்வார்கள். 1849-ல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அப்புறம் கேமரா வந்தது. வெள்ளைக்காரர்கள் ஊருக்கு அனுப்பிய அஞ்சலட்டைகளில் நம் பாட்டன் பூட்டன்கள் 'கிளிங்' (இந்தியர்களைக் குறிக்கும் பழைய சொல்) என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கிறார்கள், பெயர் இல்லை. அந்தச் சொல் கப்பித்தான் பள்ளிவாசலின் முழுப் பெயரிலும் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைச் சீண்டும் வாயிலும் இருக்கிறது. முகத்துக்குக் கீழே ஒரு சொல் எழுதுங்கள் என்று பினாங்கில் யாரிடமாவது பென்சிலை நீட்டும்போது இதெல்லாம் அந்த அறைக்குள் வந்து நிற்கும். நீங்கள் தெரிந்து செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நாட்டுக் கலைஞர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். ரெட்ஸா பியாதாசா 1980-களில் பழைய குடும்பப் படங்களையும் ஸ்டூடியோ படங்களையும் எடுத்து, வண்ணம் சேர்த்து, பல இனத்தவரின் முகங்களை ஒரே தொடராக 'மலேசியன் சீரிஸ்' என்று செய்தார். படிவத்தில் இனம் என்ற இடத்தில் 'லாயின்-லாயின்' (மற்றவர்கள்) என்று நிரப்ப வேண்டியவர்கள் இருக்கிற ஊரில் அந்தத் தலைப்பு எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஆனால் உங்கள் வேலைக்கு நான் கட்டாயம் பார்க்கச் சொல்வது சிம்ரின் கில்லின் படங்களை. போர்ட் டிக்சனில் வளர்ந்தவர். 1999, 2000 வாக்கில் அந்த ஊருக்கே போய், ஊர்க்காரர்களை அவரவர் இடத்தில் நிற்க வைத்தும் உட்கார வைத்தும் எடுத்தார், தலையை மட்டும் பழங்களால் மூடி. முகம் இல்லை, ஆனாலும் நாம் விடுவதில்லை. சோபாவைப் பார்க்கிறோம், சட்டையைப் பார்க்கிறோம், சுவரில் தொங்கும் சாமி படத்தைப் பார்க்கிறோம், 'இது இன்னார் வீடு' என்று சொல்லிவிடுகிறோம். முதல் தடவை அந்தப் படங்களைப் பார்த்தபோது என் கண் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று எனக்கே தெரிந்தது. யாரும் எனக்கு எதையும் திறந்து காட்டவில்லை. பிடிபட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

அதிலிருந்துதான் என் இரண்டாவது முயற்சி பிறந்தது. அதே 14 பேரிடமும் திரும்பப் போய்க் கேட்டேன். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், வற்புறுத்தவில்லை. லோரி அண்ணன் வந்தார்.

இந்தத் தடவை 'என்ன தோன்றுகிறது' என்று கேட்கவில்லை. சொல்லைக் கேட்டால் ஆட்கள் சாமர்த்தியமாக எழுதுவார்கள், இல்லையென்றால் நல்லவர்களாகத் தெரிய எழுதுவார்கள். செய்வதைக் கேட்டேன். உங்கள் வீட்டு மேல்மாடி அறையை இவருக்கு வாடகைக்குக் கொடுப்பீர்களா? பெர்ரிக்குக் காத்திருக்கும்போது பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இவரிடம் விட்டுவிட்டுப் போவீர்களா? பஸ்ஸில் இவர் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தால் உட்காருவீர்களா? ஆம், இல்லை, இரண்டே கட்டம்.

அறைக் கேள்வியை நான் வேண்டுமென்றே வைத்தேன். கோலாலம்பூரில் படிக்கும்போது அறை தேடி ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். நன்றாகத்தான் பேசினார்கள். 'நீ இந்தியரா?' என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் அறை போய்விட்டது என்றார்கள். இந்த நாட்டில் நம்மில் எத்தனையோ பேருக்கு இந்தக் கதை உண்டு, விளம்பரத்திலேயே 'இந்தியருக்கு இல்லை' என்று போட்டதைப் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாம்தான் அந்த மாடிக்கு வந்தோம். கறுத்து மெலிந்து, ஒரு காதில் கடுக்கன் போட்ட ஓர் இளைஞனின் படத்துக்குக் கீழே 'இல்லை' குவிந்தது. சிவந்த நிறத்தில் கண்ணாடி போட்ட பெண்ணுக்கு ஏறக்குறைய எல்லாமே 'ஆம்'. எண்ணிப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் போன் பேசிய நாளில் எனக்கு எவ்வளவு வலித்தது என்று தெரிந்த நானே, அந்தப் பெண்ணுக்கு யோசிக்காமல் 'ஆம்' போட்டிருப்பேன்.

இரண்டாவது மாற்றம்: அட்டையைப் போட்டவர் அதே ஸ்டூலில் உட்கார வேண்டும். அதே சாம்பல் துணி, அதே தூரம். அங்கேயே அச்சிட்டுச் சுவரில் மாட்டுவோம், அதற்குக் கீழேயும் ஒரு பெட்டி இருக்கும். விதியை வாசலிலேயே சொல்லிவிட்டோம். நிறையப் பேர் பென்சிலை எடுத்து, ஸ்டூலைப் பார்த்துவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தார்கள். அதையும் நான் பங்கேற்பாகத்தான் கணக்கில் எடுத்தேன். உட்கார்ந்தவர்கள் முந்தானையைச் சரி செய்துகொண்டார்கள், தலையை வாரிக்கொண்டார்கள், 'நல்லா எடுங்க' என்றார்கள். ஒரு டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, 'என் அட்டையைத் திரும்ப எடுக்கலாமா?' என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். எடுத்தார், மாற்றி எழுதவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது, படத்தில் இருப்பவருக்கு என்ன உரிமை என்பது. முதல் தடவை நான் இதில் மோசமாகத் தவறினேன். அவர்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினேன், அவ்வளவுதான். இப்போது செய்வது இது: மூன்று படம் எடுத்து, எது தொங்க வேண்டும் என்று அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். யாரும் எழுதுவதற்கு முன்பே தங்களைப் பற்றி ஒரு வரி எழுதித் தருவார்கள், தொழில்தான் எழுத வேண்டும் என்றில்லை. அந்த வரி படத்துக்குப் பக்கத்தில் முதலிலிருந்தே தெரியும், மூடிக்குள் ஒளிந்திருக்காது. லோரி அண்ணன் எழுதியது: 'விடியற்காலை நாலு மணிக்குப் பாலத்தில் தனியா வரும்போது பாட்டு பாடுவேன்.' அட்டைகளைப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம், பார்ப்பதென்றால் என்னோடு உட்கார்ந்துதான். எந்த நாளிலும் படத்தைக் கழற்றச் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அவர் வரியைப் படித்த பிறகும் சிலர் 'இல்லை' போட்டார்கள். போடட்டும். ஆனால் சிரிக்கவில்லை.

மனச்சாய்வு மாறுமா என்று கேட்டீர்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், ஒரு மாலை நேரத்தில் மாறாது. 2016-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சிக் குழு, மனச்சாய்வைக் குறைப்பதில் உடனடியாகப் பலன் தந்த ஒன்பது முறைகளை எடுத்துத் திரும்பச் சோதித்தது. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ எல்லாவற்றின் பலனும் மறைந்துவிட்டது. அதனால் 'பார்வையை மாற்றும் கண்காட்சி' என்று சுவரொட்டியில் போடாதீர்கள், அது வாக்குறுதி ஆகிவிடும். நான் இதை ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறேன் என்றால், தீர்ப்புச் சொல்கிறவர் எப்போதும் இருட்டில் இருக்கிறார், தீர்ப்புக்கு ஆளாகிறவர்மேல் மட்டும் விளக்கு எரிகிறது. இரண்டு மணி நேரமாவது அந்த விளக்கைத் திருப்பி வைக்க முடிகிறது. அது நடக்கும்போது பக்கத்தில் நிற்க எனக்குப் பிடிக்கிறது.

உங்கள் கண்காட்சியில் விளையாட்டு மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். 2011-ல் பிரிட்டனில் ஒரு குழு 40 படங்களைக் கொடுத்து, ஆள் வாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னது. இருந்தது இரண்டே பெண்கள், ஆளுக்கு 20 படம், இருவரும் நெதர்லாந்தில் பிரபலமானவர்கள். அவர்களைத் தெரியாதவர்கள் சராசரியாக ஏழெட்டு ஆட்கள் இருப்பதாக அடுக்கினார்கள். தெரிந்த நெதர்லாந்துக்காரர்கள் சுலபமாக இரண்டாகப் பிரித்தார்கள். நீங்கள் உங்கள் நண்பர் இருவரைப் பல வருஷங்களில், பல வெளிச்சங்களில் எடுத்த படங்களை அச்சிட்டு ஒரு மேசையில் கொட்டிவையுங்கள். ஒரு படம் ஒரு மனிதர் இல்லை என்பதை அந்த மேசை பேசாமலே சொல்லிவிடும். அதற்குப் பிறகு சுவரில் இருக்கும் 12 பேரிடம் அனுப்புங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஒப்புதல் தாளைத் தமிழிலும் மலாயிலும் வைத்திருங்கள், பெரிய எழுத்தில். ஹின் பஸ் டிப்போவின் ஞாயிறு சந்தை மாதிரி நடமாட்டமுள்ள இடம் கிடைத்தால் கூட்டம் வரும், ஆனால் அட்டை எழுதும் இடத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். பின்னால் நாலு பேர் நின்றால் யாரும் மனத்தில் இருப்பதை எழுத மாட்டார்கள். மோசமான அட்டைகளைச் சுவரில் ஒட்டாதீர்கள், முடிந்ததும் எண்ணிக் குறித்துக்கொண்டு படத்தில் இருந்தவரிடம் கேட்டுவிட்டுத் தூக்கிப் போடுங்கள். 12 பேரில் ஒருவராக உங்கள் ஐவரில் யாராவது கட்டாயம் இருக்க வேண்டும், அதை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

படம் பிடிக்கும் நாள் முடிவானதும் சொல்லுங்கள். சாம்பல் துணி என்னிடம் நாலு மீட்டர் இருக்கிறது, ஸ்டூலும் இருக்கிறது. பெர்ரியில் வந்தால் நடந்தே வந்து எடுத்துக்கொண்டு போய்விடலாம்.